கேல்டன் தோற்பது எப்படி

மனிதர்களில் 'நாங்க ஆடுன காலத்துல' என்றொரு இனம் உண்டு. அலபாமாவில் காலேஜ் ஃபுட்பால் ஆடும் எந்த ஊருக்குப் போனாலும் பத்துத் தலைக்கு ஒன்றாவது தட்டுப்படும். நீங்கள் தேடி அலைய வேண்டாம், அதுவே உங்களைத் தேடி வரும். வயது அறுபத்தைந்துக்கு மேல். தொப்பையை இறுக்கிப் பிடித்த, கல்லூரி நிறத்துச் சட்டை. விரலில் புடைத்துக்கொண்டு நிற்கும் சாம்பியன் மோதிரம். அந்த மோதிரம் உங்கள் கண்ணில் படும்வரை மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம். பட்டுவிட்டதா? தொலைந்தீர்கள். உங்கள் காபி ஆறிப்போனது போனதுதான்.

கேல்டன் கல்லூரி அணி ஒரு காலத்தில் எப்படி இருந்தது, இன்றைக்கு ஏன் இப்படிச் சந்தி சிரிக்கிறது என்று இந்த இனத்திடம் கேட்டுப் பாருங்கள். கேள்வியின் முதல் பாதிக்கே ஒரு மணி நேரம் ஓடும். பெரிய கோச் ஹாலிஸ், நாலு தேசியப் பட்டம், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எதிரணிக்காரனுக்குத் தொடை நடுங்கிய கதை. இரண்டாம் பாதிக்கு? நடுவர்கள் விலைபோய்விட்டார்கள், பையன்கள் கையில் போன் வந்துவிட்டது, புல் முன்னைப்போல் இல்லை, வெயில் முன்னைப்போல் இல்லை, தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாக் காரணமும் வரும். ஒரே ஒரு காரணம் மட்டும் வராது. எப்படி வரும்? அதுதானே எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது!

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். டெல்மர் ஸ்ட்ராட். டிராக்டர் வியாபாரி. கடைசிப் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். ஆடியவர் என்றால், அணியில் இருந்தவர். பெஞ்சைத் தேய்த்த நேரம் போக அவர் கால் மைதானத்தில் பட்டது ஒரே ஒரு மழை நாளில்; அதுவும் கேல்டன் ஐம்பது புள்ளி முன்னால் போய், பெரிய கோச்சுக்கே போரடித்த பிறகு. ஆனால் மோதிரம் மோதிரம்தானே? அதோடு, மைதானத்தில் புள்ளி காட்டும் பலகைக்கு மேலே 'ஸ்ட்ராட் டிராக்டர்' என்று ஆளுயர எழுத்தில் எரிகிறது. கோச்சுக்குச் சம்பளம் கல்லூரி கொடுப்பதாகத்தான் பேர். எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பை அசைந்தால் கோச்சும் அசைவார்.

டெல்மருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. பக்கத்து ஊர் லாம்கின் கல்லூரியை ஒரு தடவை ஜெயித்துப் பார்க்க வேண்டும். கேல்டன் லாம்கினிடம் மண்ணைக் கவ்வத் தொடங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு வசந்தத்தில் அவர் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தவர், பக்கத்தில் இருந்த மனைவி நெல்டாவைப் பார்த்து முதல் வேலையாகச் சொன்னார்:

"லாம்கின ஒரே ஒரு தடவ ஜெயிச்சுப் பாத்துடணும். அப்புறம் கடவுள் என்னைக் கூட்டிட்டுப் போனாலும் சரி."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன் டெல்மர். என்னை ஒரு வார்த்த விசாரிச்சுட்டு லாம்கினுக்குப் போயிருக்கலாம்."

சரி, இவ்வளவு ஆசை உள்ளவர் என்ன செய்ய வேண்டும்? ஒரு நல்ல கோச்சைப் பிடித்துப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கடலை கொறிக்க வேண்டும். அது மட்டும் இந்த இனத்துக்கு வராது. அதுவரை எட்டு கோச்சை டெல்மர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒருவர் பயிற்சிக்கு அரைக்கால் சட்டை போட்டு வந்தார். இன்னொருவர் ஊரே போகும் பாப்டிஸ்ட் கோயிலைத் தாண்டிக்கொண்டு மெதடிஸ்ட் கோயிலுக்குப் போனார். மற்றொருவர் கறி சுடும் பார்பெக்யூ விருந்தில் காய்கறி கேட்டார். ஒருவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவருடைய கொழுந்தியாள் லாம்கினில் படித்தவள். நடுநடுவே ஹாலிஸிடம் ஆடிய பழைய ஆட்களும் கோச்சாக வந்தார்கள். அவர்கள் எல்லா ஆட்டத்தையும் தோற்றார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் நம்ம ஆள்யா, தோத்தாலும் நம்ம மாதிரி தோக்குறான்!

வெளியாட்களில் ஒன்பதாவதாக வந்தவர் நோவாக். ஒஹையோக்காரர். அதாவது வடக்கத்தி ஆள், பேச்சு குறைவு. வியாழக்கிழமைதோறும் மிஸ் ஓலாவின் ஓட்டலில் பழைய ஆட்டக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். கோச் நேரில் வந்து விசாரணைக்கு நிற்க வேண்டும் என்பது முறை. நோவாக்கும் வந்தார். அதற்குள் ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தார்.

"கோச், பந்த ஏன் இத்தன தடவ எறியிறீங்க? நாங்க ஆடுன காலத்துல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுவோம்" என்றார் டெல்மர்.

"எறிஞ்சா ஜெயிக்கிறோம், மிஸ்டர் ஸ்ட்ராட்."

"ஜெயிக்கிறது சரி. எறிஞ்சுதான் ஜெயிக்கணுமா?"

நோவாக் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கூட்டாளி ஹோயட் குனிந்து டெல்மரின் காதைக் கடித்தான்.

"பாத்தியா? சோளக்கஞ்சியில உப்புக்குப் பதிலாச் சக்கர போட்டுத் திங்கிறான்யா!"

அன்றைக்கே அந்த மனிதரின் கதை பாதி முடிந்துவிட்டது. ஆனால் டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். காரணம் லாம்கின். இந்த வருஷம் ஜெயித்துவிடலாம் என்று ஊரே பேசியது. டெல்மருக்கும் உள்ளூரத் தெரிந்தது. கடையில் டிராக்டர் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சிரித்துப் பேசினார். நெல்டாவுக்குப் பயமாகவே இருந்தது.

பெரிய கோச் ஹாலிஸின் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடக்கு நாற்காலி. அவர் செத்த நாளிலிருந்து உள்ளூரில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது மைதான ஓரத்தில் விரித்து வைக்கப்படும். மேலே அவருடைய தொப்பி. யாரும் உட்காரக் கூடாது. ஆட்டத்துக்கு முன் அதைத் துணியால் துடைக்கும் பாக்கியம் டெல்மருக்கு. மழை வந்தால் நாற்காலிக்குக் குடை பிடிப்பார்கள், பையன்கள் நனைவார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சு பழைய ஆட்டக்காரர்களுக்கு. ஆடி ஓய்ந்து வரும் பையன்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கலாம். யாரும் ஆட்சேபிக்கவில்லையே!

லாம்கினுக்கு முந்தின சனிக்கிழமை. ஆட்டம் முடிய நாலு நிமிஷம், கேல்டன் மூன்று புள்ளி பின்னால். முன்வரிசையில் முட்டுக்கொடுத்து ஆடும் டுவான் என்ற மலைபோன்ற பையன் கணுக்கால் மடங்கி நொண்டிக்கொண்டு வந்தான். நோவாக் சுற்றுமுற்றும் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தண்ணீர் டிரம்மின்மேல் வைத்தார். பையனை நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் காலைக் கட்டினார். டுவான் எழுந்து ஓடினான், இரண்டு பேரை அலாக்காகத் தள்ளி வழி திறந்துவிட்டான், கேல்டன் ஜெயித்தது.

ஊரே கூத்தாடியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நெல்டா டெல்மரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஜெயிச்சாச்சு டெல்மர்! அடுத்த வாரம் லாம்கின்தான்!"

டெல்மரின் முகத்தில் ஈயாடவில்லை. "டிரம்மு மேல வச்சுட்டான் நெல்டா" என்றார். "தொப்பியத் தூக்கித் தண்ணி டிரம்மு மேல வச்சுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த கையோடு மிஸ் ஓலா ஓட்டலில் அவசரக் கூட்டம். அடிமடியிலேயே கை வைத்துவிட்டான் என்று ஹோயட் கண்ணீர் விட்டான். ஒருவர் தனக்கு முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார், இரண்டாவது தட்டுக் கோழி வறுவலை முடித்துக்கொண்டே. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்கு வந்த டெல்மரை நெல்டா வாசலிலேயே மறித்தாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்க. லாம்கின ஜெயிச்சுக் குடுக்கட்டும். அப்புறம் துரத்து."

"ஜெயிச்சுட்டான்னா அப்புறம் எப்படித் துரத்துறது?"

நெல்டா வழியை விட்டாள். இந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

திங்கட்கிழமை டெல்மரே நோவாக்கின் அறைக்குப் போனார். கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் பக்கத்தில் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்குக் கால் வீங்கியிருந்துது மிஸ்டர் ஸ்ட்ராட்" என்றார் நோவாக்.

"பெஞ்சு இருந்துச்சே?"

"பெஞ்சுல நீங்க உக்காந்திருந்தீங்க."

அதில் என்ன தப்பு என்று டெல்மருக்குச் சத்தியமாக விளங்கவில்லை. ஒரே ஒரு கணம், கதவுக்கு வெளியே பயிற்சி செய்யும் பையன்களின் சத்தம் கேட்டபோது, அவருக்கு நெஞ்சில் தையல் போட்ட இடம் வலித்தது. லாம்கின் போய்விடுமே என்று பட்டது. ஆனாலும் 'இருந்துட்டுப் போங்க' என்று வாயில் வந்த வார்த்தையை விழுங்கினார். நோவாக்கின் சீட்டைக் கிழித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை ஹோயட்டின் மருமகன் கோச்சாக நின்றான். சுத்தமான நம்ம ஆள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடச் சொன்னான். பையன்களும் ஓடினார்கள், லாம்கின்காரன்மேல் முட்டி முட்டி விழுந்தார்கள். நாற்பத்தொன்றுக்கு மூன்று. டுவான் ஆட வரவேயில்லை. வேறு கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டான். டெல்மர் நடுவரைத் திட்டினார், பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை நிஜம். அதுதான் இந்த இனத்தில் என்னால் மன்னிக்க முடியாத விஷயம்.

லாம்கின்காரன் முட்டாளா? அந்த வருஷமே நோவாக்கை வளைத்துப் போட்டுக்கொண்டான். மறு வருஷம் ஆட்டம் லாம்கின் ஊரில். டெல்மர் இளைத்து, நெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கேல்டன் வழக்கம்போல் உதை வாங்கியது. முடிந்ததும் லாம்கின் பையன்கள் நோவாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெல்மர் எழுந்து நின்று வாயைப் பிளந்து பார்த்தார்.

"என்ன மாதிரி கோச் பாரு நெல்டா! பையன்கள எப்படி ஆட வைக்கிறான்! இப்படி ஒருத்தன் நமக்கு இருந்திருந்தா..." அவர் நெல்டாவின் பக்கம் திரும்பினார். "எந்த மடையன் இவன வெளிய விட்டான்?"

நெல்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் இல்லை, மனிதர் மனதாரத்தான் கேட்கிறார்.

"தெரியலயே டெல்மர். விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

சொல்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். லாம்கினை ஜெயித்துப் பார்க்காமலே போனார். கேல்டனுக்காகவே உயிரை விட்டவர் என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஹோயட் இப்போது பன்னிரண்டாவது கோச்சை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உங்களுக்கும் அலபாமாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் இடத்தில் புதிதாக வந்து எல்லாவற்றையும் உங்களைவிட ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாரே ஒருவர், அவரைப் பற்றி நேற்றுச் சாப்பிடும்போது "நல்லாத்தான் பண்றாரு, ஆனா..." என்று ஆரம்பித்தீர்களே, அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொன்னீர்கள்?