ஆதிமூலம் சாரின் அதிகாரப்பூர்வ ஸ்டிக்

மரக்காணத்தில் சண்டை புதிதல்ல. அரசாங்கச் செலவில் நடப்பதுதான் புதிது. வீடியோ கேமில் நன்றாக அடித்துக்கொள்ளும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சென்னைப் போட்டிக்கு அனுப்புமாறு உத்தரவு வந்ததும், இளைஞர் எழுச்சிக் குழு அதிகாரி ஆதிமூலம் உடனே ஒரு கமிட்டி போட்டார். எதைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்வது என்பதே விவாதம். ஊர்ப் பிரமுகர் என்ற வகையில் நானும் உறுப்பினன்.

மொபைல் கடையில் வேலை செய்யும் ஜெனிதா, இரு கைக்குள் அடங்கும் பேடில் ஆடிப் பழகியவள். சென்னை மேடையில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள். அவளோடு மோதவிருந்த யுவராணியும் பேடுதான். கமிட்டிக்கோ, மேஜைமேல் பெட்டியாக உட்கார்ந்து கைப்பிடியை நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்தான் பிடித்தது.

"பேடா? ரெண்டு கையும் ஏந்திக்கிட்டு, மனு குடுக்குற மாதிரி இருக்குதேம்மா" என்றார் ஆதிமூலம்.

"எங்க விரலு அதுலதான் சார் பழகியிருக்குது."

"இது உப்பள ஊரு. நீளப் பிடி போட்ட பலகையால உப்பு வார்ற கை. ஸ்டிக்தான் நம்ம கலாச்சாரம்."

"நான் உப்பளத்துல எறங்கினதே இல்லீங்க சார்."

"நானுந்தான். அதுக்காகக் கலாச்சாரத்த விட்டுட முடியுமா?"

ஸ்டிக்குகள் வந்தன. பாதுகாப்பு கருதி உப்பு கோடவுனில் பூட்டப்பட்டன. அங்கே ஒரு ராத்திரிகூட யாரும் சைக்கிளை விடமாட்டோம். ஆனாலும் கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாயில் போண்டா இருந்தது.

போட்டியன்று, துருவேறிய ஸ்டிக்குகள் பின்பக்கம் மட்டுமே அசைந்தன. திரையில் இரண்டு வீரர்களும் மரியாதையாகப் பின்வாங்கி, ஆளுக்கொரு மூலையில் நின்று காற்றைக் குத்தினார்கள். நேரம் முடிந்தது.

"யாருக்கும் அடிபடல. சட்டம் ஒழுங்கு சிறப்பு!" என்று அறிவித்தார் ஆதிமூலம். "யாரும் ஜெயிக்காததால ஊர் சார்பா நானே போறேன். ஜெனிதா, நீ ஸ்டிக் பெட்டிய தூக்கிட்டு வா."

ஜெனிதாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. இரண்டாவது போண்டாவை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சென்னையில் பேரைக் கூப்பிட்டதும் சாருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நீயே ஆடிடும்மா. பேரு மட்டும் என்னோடதா இருக்கட்டும்."

அவள் பையிலிருந்து தன் பேடை எடுத்தாள். வந்தவர்களையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். கோப்பை ஆதிமூலம் பேரில் வந்தது.

பஸ் ஸ்டாண்டு முழுக்க பேனர்: ஸ்டிக்கை அணைத்தபடி சார். நடந்தது ஊருக்கே தெரியும். "ஆசை தீர அடிச்சேண்ணா, அது போதும்" என்று ஜெனிதாவே எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மறுநாள் அவள் கடையில் ஸ்டிக் கேட்டுக் கூட்டம். நானும் வரிசையில் நின்றேன்.

"ஜெயிச்சது பேடுண்ணா. அதையே தரட்டுமா?"

"தெரியும்மா. ஆனா பேனர்ல இருக்கிறது ஸ்டிக்தானே?"