சல்ஃபைடுத் தூசியும் திறந்து பார்ப்பவரும்

திறந்து பார்ப்போர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. ஒரு காரியம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்ணால் பார்க்காவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. பார்த்துவிட்டாலோ அந்தக் காரியம் ஒழுங்காக நடக்காது. இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைக் காண நீங்கள் பெங்களூரில் தூசி தயாரிக்கும் ஓர் ஆய்வகத்துக்கு வரவேண்டும்.

ஆமாம், தூசியைத் தயாரிக்கிறார்கள். ஓசூர் ரோட்டில்தான் சும்மா கிடைக்கிறதே என்கிறீர்களா? இது நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் ரகம். விண்வெளியில் இருக்கவேண்டிய கந்தகத்தில் பெரும்பங்கைக் காணோம். சல்ஃபைடுத் துகள்களுக்குள் ஒளிந்திருக்குமோ என்று சந்தேகம். ஆகவே மெக்னீசியத்தையும் கந்தகத்தையும் உலையில் சேர்த்து அதேபோன்ற துகளை இங்கே செய்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, தொலைநோக்கியில் வரும் ஒளியோடு ஒப்பிடுவார்கள். ஒரே சிக்கல், அதற்கு நம் ஊர்க் காற்று ஆகாது. ஈரம் பட்டால் போதும், அழுகிய முட்டை நாற்றத்தோடு வேறு எதுவாகவோ மாறிவிடும்.

ஆய்வகத் தலைவர் டாக்டர் க்ளென், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். காரைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று அறிய மறுபடி சாவியிலுள்ள பொத்தானை அமுக்குவார்; கதவு திறந்துகொள்ளும். மாத்திரை போட்டுத் தூங்கும் மனைவியை எழுப்பி, தூக்கம் வந்ததா என்று அன்போடு விசாரிப்பார். நல்ல மனிதர். அதுதான் பயமே.

அவரிடம் ஆராய்ச்சி செய்கிறவள் ஸ்னேஹா. மழைக்காலம் முழுக்கப் போராடி, ஒருவழியாகச் சரியான துகள் கிடைத்து, ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் அடைத்துவைத்தாள். மறுநாள் காலை அளவுக் கருவியில் அவள் முறை. தவறினால் முனைவர் பட்டம் அடுத்த வருஷம்தான். சாப்பிடக் கிளம்பும்போது அவரிடம் கெஞ்சினாள்.

“சார், அதைத் தொட்றாதீங்க.”

“நான் ஏம்மா தொடப்போறேன்? காத்து உள்ள போகாம பாத்துக்கறேன், போ.”

பார்த்துக்கொண்டார். எதிரே நாற்காலி போட்டு, கன்னத்தில் கை வைத்து, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டார். வெளியே மழை பிடித்தது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறதா? ஒருவேளை காற்று புகுந்திருந்தால்? புகுந்திருந்தால் நாற்றமடிக்குமே! திறந்து மோந்தார். நாற்றமில்லை. அப்பாடா என்று மூடினார். மூடிய பிறகுதான் உறைத்தது: திறந்தபோது காற்று போயிருக்குமோ? அதையும் பார்த்துவிடுவது நல்லதல்லவா?

இம்முறை நாற்றம் வாசல்வரை வந்து ஸ்னேஹாவை வரவேற்றது.

“நல்லவேளை நான் செக் பண்ணேன்மா,” என்றார் க்ளென். “மூடி சரியில்ல.”

அவள் குப்பியை எடுத்து மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இத்தனை கோடி வருஷமா அந்தத் தூசி வானத்துல பத்திரமா இருக்குன்னா, அங்க நீங்க இல்லாததாலதான் சார்.”

மறுபடி உலையை மூட்டியிருக்கிறாள். இந்தத் தடவை அறைச் சாவி அவளுடைய பையில். க்ளென் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்.

துகள் சரியாக வந்ததா, பட்டம் கிடைத்ததா என்று அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்று தோன்றுகிறதல்லவா உங்களுக்கு? போனைக் கீழே வையுங்கள், வாசகரே. ஜன்னலில் இன்னொரு மூக்குக்கு இடமில்லை.