கரிநாக்குப் பில்பீமும் ஆறங்குலப் பனியும்

ஹெயில்ஷாம்,
சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பு மகள் ரோவீனாவுக்கு அப்பா டெஸ்மண்ட் பில்பீம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கொதிகலனும் பக்கத்து வீட்டுப் பூனையும் சுகம். உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். காலையிலிருந்து என்னிடம் பேசாததால் கேட்டுச் சொல்ல வழியில்லை. வடக்கே உங்கள் விமானத்தைத் திருப்பி இறக்கிய ஊரில் விடுதி அறை கதகதப்பாக இருக்கிறதா, குழந்தை இங்கா வேளைக்குச் சாப்பிட்டாளா என்பதே என் கவலை. டிரோம்சோவில் உங்கள் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை தூர்ஸ்டைனுக்கு என் அன்பு. காலையில் நீ தொலைபேசியில், "உங்க பனியோட நீங்களே குடும்பம் நடத்துங்கப்பா, நாங்க அடுத்த ஃப்ளைட்ட புடிச்சு திரும்பிப் போறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதன் பிறகு நீ எடுக்கவில்லை. ஆகவே உன் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டு, படிக்காமல் திட்டாதே.

எங்கள் பனி வட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும் என்றாலும், "அந்தக் கிறுக்கங்க கூட்டம்" என்பதற்கு மேல் நீ விசாரித்ததில்லை. ஆகவே முதலிலிருந்து வருகிறேன். இலை உதிரத் தொடங்கியதும் நாங்கள் பப்பின் பின்னறையில் கூடி, வரப்போகும் குளிர்காலத்தில் ஹெயில்ஷாமில் பனி விழுமா என்று விவாதிப்போம். தலைவர் கிளைவ் ஹார்ஸ்கிராஃப்ட், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவருக்குக் கணினி வரைபடம்தான் வேதம். ஐரோப்பாக்காரன் கணினி இப்படிச் சொல்கிறது, அமெரிக்காக்காரன் கணினி அப்படிச் சொல்கிறது என்று கைபேசியை நீட்டிக்கொண்டே வருவார். பெரில் ஏக்ஹர்ஸ்ட்டுக்கு அதெல்லாம் ஆகாது. வெங்காயத்தின் தோல் தடித்திருந்தால் கடுங்குளிர், வேலியோர முள்ளிலை ஹோலிச் செடியில் சிவப்புப் பழம் அதிகமாக இருந்தால் பனி என்பாள். கிளைவின் வரைபடத்தில் பனி எப்போதும் பத்து நாள் தள்ளியே இருக்கும். நாம் ஒரு நாள் நடந்தால் அதுவும் ஒரு நாள் நடந்துவிடும். பெரிலின் வெங்காயமோ வருஷா வருஷம் தடித்துக்கொண்டுதான் போகிறது. கடைசியில் வடக்கே மேட்டில் இருக்கிற குரோபரோவுக்குப் பனி விழும், பள்ளத்தில் இருக்கும் நமக்கு மழை பெய்யும். குரோபரோக்காரர்கள் அதைப் படம் பிடித்து நமக்கு அனுப்புவார்கள். அவர்கள் விளங்கவே மாட்டார்கள்.

இதில் என் இடம் என்னவென்றால், நான் கரிநாக்கு. அதாவது நான் நாள் குறித்துப் பனி வரும் என்று சொல்லிவிட்டால், வருவதாக இருந்த பனியும் வராது. முதல் தடவை நான் சொன்ன நாளில் வெயில் அடித்து, பெரில் தன் தோட்டத்தில் தேனீயைப் பார்த்தாள். அடுத்த தடவை நம்பிக்கையோடு உனக்கென்று ஒரு பனிச்சறுக்கு வண்டி வாங்கினேன். நீ அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். நீ வளர்ந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, வருஷத்தில் பாதி நாள் பனிக்குள்ளேயே இருக்கிற ஊருக்குக் குடிபோய்விட்டாய். அந்த வண்டி விலைச்சீட்டு கூடக் கழற்றாமல் நம் கார்க்கொட்டகையில் தொங்குகிறது. மூன்றாம் தடவைக்குப் பிறகு வட்டத்தில் எல்லோரும் கைதூக்கி ஒரு தீர்மானம் போட்டார்கள்: பில்பீம் 'பனி' என்ற சொல்லையும் ஒரு கிழமையின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது. சிரித்துக்கொண்டே நானும் கைதூக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இந்த நிலையில்தான் நீ பயணச்சீட்டு எடுத்ததாகச் சொன்னாய். பேத்தியை நாங்கள் கைபேசித் திரைக்குள்தான் பார்த்திருக்கிறோம். உனக்குக் கிடைத்ததோ ஒரு வாரம்கூட இல்லாத விடுப்பு, இது போனால் மறுபடி கோடையில்தான். அன்று நீ, "அப்பா, இவ பொறந்ததுலேர்ந்து வெள்ளையத் தவிர ஒண்ணும் பாக்கல. தவழ ஆரம்பிச்சப்பவே இங்க தரை மூடிடுச்சு. புல்லுல விட்டுப் பாக்கணும்ப்பா, நம்ம வீட்டுப் பின்னாடி புல்லுல" என்றாய். உன் அம்மா அன்றே புல்தரையில் கிடந்த காய்ந்த இலையெல்லாம் வாரிவிட்டாள். பனிக்காலத்தில் புல்தரையை வாருகிறவள் இந்தத் தெருவிலேயே இவள் ஒருத்திதான்.

மறுவாரமே கிளைவின் வரைபடத்தில், பனியைக் கொண்டுவருகிற கிழக்குக் காற்று வந்தது. இரண்டு கணினிகளும் ஒரே மாதிரி இந்தச் சனிக்கிழமையைக் காட்டின. நீ வந்து இறங்குகிற அதே சனிக்கிழமை. வட்டத்தில் யாரும் சத்தமாக மூச்சுக்கூட விடவில்லை. பெரில் என்னைத் தனியே கூப்பிட்டு, "டெஸ்மண்ட் கண்ணு, உன்னக் கும்புட்டுக் கேக்கறேன், வாயத் தொறக்காத" என்றாள். நான் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் மட்டும் நிலவரத்தைச் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பனி விழுந்தா ஏர்போர்ட்ட மூடிருவான்ல?"

"ஒரு அங்குலம் விழுந்தாலே மூடிருவாங்க, கிளெனிஸ்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ வரும்னு சொன்னா வராதில்ல?"

"அது அவங்க கேலிக்குச் சொல்றது."

"கேலியோ கீலியோ, இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது தப்பியிருக்கா? போய்ச் சொல்லு. நல்லா சத்தமாச் சொல்லு. ஊரு பேரையும் சேத்துச் சொல்லு."

கட்டின மனைவியே என் தோல்வியை இப்படி அடுப்படிக் கரண்டி மாதிரி எடுத்துப் பயன்படுத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று, "வர்ற சனிக்கிழமை, ஹெயில்ஷாம்ல, ஆறு அங்குலம் பனி விழும்" என்று அறிவித்தேன். அந்த அறையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. கிளைவ் வெளுத்துப்போய், "பாவி மனுஷா, என்னய்யா பண்ணிட்ட! இந்தக் காத்துக்காக நான் எத்தன வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். திரும்பப் பெற்றுக்கொள் என்று கெஞ்சினார்கள். தலைவர் பதவியையே தருகிறேன் என்றார் கிளைவ். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. "என் பேத்திக்குப் புல்லு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாக்கு வேலை செய்தது. புதன்கிழமை ஐரோப்பாக்காரன் பனியைக் கைவிட்டான். வியாழக்கிழமை அமெரிக்காக்காரனும் மழைக்கு மாறினான். கிளைவ் நனைந்துகொண்டே நம் வாசலுக்கு வந்து, "ரெண்டும் போச்சுய்யா! உன் வாயில இத்தன காலமா பல்லு பாத்தவன் நான். அப்பவே நாக்கையும் சேத்துப் புடுங்கியிருக்கணும்" என்று சத்தம் போட்டார். உன் அம்மா அவருக்குத் துவட்டத் துண்டு கொடுத்தாள், கேக் கொடுத்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு. வெள்ளிக்கிழமை இருட்டியதும் பழக்க தோஷத்தில் எதிர்த் தெருவிளக்கைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, விளக்கு வெளிச்சத்தில் விழுவதைத்தான் பார்ப்போம். விழுந்தது மழைதான். நீ வந்துவிடுவாய் என்று நிம்மதியாகப் படுத்தேன். அந்த நிம்மதிக்குள் கொஞ்சம் துக்கமும் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

இன்று காலை திரைச்சீலையைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கூரையின் உட்புறம் அத்தனை வெளிச்சம், தெருவில் ஒரு சத்தம் இல்லை. ரோவீனா, நான் அழுதுவிட்டேன். பைஜாமாவோடு தோட்டத்துக்கு ஓடி அளவுகோலைக் குத்திப் பார்த்தேன். ஆறு. நம்பாமல் தோட்டத்து மேஜை மேல் கிடந்த பனியிலும் குத்திப் பார்த்தேன். அங்கேயும் ஆறு. நான் நாள் சொன்னேன், ஊர் சொன்னேன், அங்குலம் சொன்னேன், எல்லாம் சொன்னபடி. குரோபரோவில்கூட நாலுதானாம்! "ஆறு! கிளெனிஸ், ஆறு!" என்று குதித்தேன். அவள் பின்கதவில் வந்து நின்று, "இங்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அப்புறம் உள்ளே போனவள்தான்.

அதற்கு மேல் என்ன செய்வது? மண்வாரியை எடுத்தேன். விமானம் எப்படியாவது இறங்கிவிடும், அதற்குள் ஒரு பாய் விரிக்கிற அளவுக்காவது புல்லை வெளியே எடுத்துவிடலாம் என்று வார ஆரம்பித்தேன். பாதியில் கிளைவும் பெரிலும் கையில் மாலை இல்லாத குறையாக வந்தார்கள். வேலியைத் தாண்டி எட்டிப்பார்த்த கிளைவ், "யோவ், யோவ்! என்ன காரியம்யா பண்ற? இன்னும் ஃபோட்டோகூட எடுக்கல!" என்று அலறினார். பெரில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. இத்தனை வருஷமாக எதற்காகக் காத்துக்கிடந்தேனோ, அதையே வாரி வாரி வேலியோரம் கொட்டினேன். கடைசியில் பெரில், "சரி, தள்ளு, மூலைய நான் பாத்துக்கறேன்" என்று கையால் வழித்தாள். கிளைவ் மட்டும் உதவவில்லை, பார்க்கவும் முடியவில்லை, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாய் அளவுக்குப் புல் வெளியே வந்தது, பச்சையாக, நல்ல ஈரமாக. அப்போதுதான் நீ அழைத்தாய். மீதி உனக்குத் தெரியும்.

ஆகவே மகளே, உன் அப்பா நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வட்டத்திலிருந்து விலகுகிறேன். கிளைவ் வாசலிலேயே வைத்துக் கொடுத்த தலைவர் பதவியை வேண்டாம் என்றுவிட்டேன். அளவுகோல் உன் அம்மாவின் தையல் பெட்டிக்குப் போய்விட்டது. சறுக்கு வண்டியை, ஏழைகளுக்காகப் பழைய சாமான் விற்கிற தர்மக் கடைக்குக் கொடுக்கக் கட்டி வைத்துவிட்டேன். இனி இந்த வாயிலிருந்து பனி என்ற சொல் வராது. வானிலைச் செய்தி வந்தாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். நீ போகிற பக்கமெல்லாம் ஓடுபாதை காய்ந்திருக்கட்டும், மேகம் விலகி வழிவிடட்டும், குழந்தைக்குப் பல் வலியில்லாமல் முளைக்கட்டும். கோடையில் வாருங்கள். புல் அப்போதும் இங்கேதான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
டெஸ்மண்ட் பில்பீம்

பின்குறிப்பு (ஞாயிறு சாயங்காலம்): மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்று மத்தியானம் நீ அழைத்து, "அப்பா, பொல்கேட் ஸ்டேஷன்ல நிக்கறோம். மனசு கேக்கல, ரயிலேறி வந்துட்டோம். பஸ்ஸும் இல்ல, டாக்ஸியும் இல்ல. இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றாயே, நல்லவேளை, பனியால் தர்மக் கடை திறக்கவில்லை. கட்டை அவிழ்த்து, நானும் கிளைவுமாகப் தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய ரயில் பாதை வழியே பொல்கேட்டுக்குச் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது உனக்கே தெரியும். வண்டி அருமையாக ஓடியது. விலைச்சீட்டை இங்கா தின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன், பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் அவளை அந்தப் பாய் அளவுப் புல்லில் விட்டோம். கையை எடுத்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், குரோபரோவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. பிறகு தவழ்ந்து ஓரத்துக்குப் போய்ப் பனியில் முகத்தைப் புதைத்ததும் சிரித்தாளே ஒரு சிரிப்பு! உன் அம்மா அப்போதுதான் என்னிடம் பேசினாள்: "வேற யாரு ரத்தம்? உன்னுதுதான்." தேநீரும் இரண்டு கோப்பை போட்டாள். நீங்கள் இருவரும் மாடியில் தூங்குகிறீர்கள். உறையில் தபால் தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை, ஆகவே இதை அனுப்பிவிடுகிறேன், ஊருக்குப் போய்ப் படித்துக்கொள். தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டேன். முதல் அறிவிப்பும் கொடுத்தாயிற்று: நீங்கள் புறப்படுகிற வியாழக்கிழமை, ஹெயில்ஷாமில், எட்டு அங்குலம். நாக்கு பழையபடி இருந்தால் பனி வராது, நீங்கள் சௌகரியமாகப் போய்ச் சேருவீர்கள். புதுப்படி இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பீர்கள். எனக்கு இரண்டும் சம்மதம்.