கடலோடு சண்டை போட்ட சிலந்தி

திருவிடந்தை தொடங்கிப் புதுப்பட்டினம் வரை கடலைக் கும்பிடுகிறவர்கள் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. தன் ஆராய்ச்சியைக் கெடுக்கவே வங்காள விரிகுடா அலையடிக்கிறது என்று உறுதியாக நம்பிய ஒரே ஆள் எங்கள் சிலந்திதான்.

திருவிடந்தை தாண்டிக் கடற்கரைச் சாலையோரம் ஓர் ஆய்வுக்கூடம். நூல் விடுவதால் நாங்கள் சிலந்தி என்று பட்டப்பெயர் வைத்த அவள் அங்கே ஆராய்ச்சியாளர்; நான் கருவிகளைப் பழுது பார்ப்பவன். ஊசிமுனையில் பாலிமர் கரைசல் ஒரு துளி நிற்கும். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்தால் அந்தத் துளி நீண்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலாகி, எதிரே உள்ள தகட்டுக்குப் பறக்கும். படியப் படிய வெள்ளைத் தாளாகும். தீப்புண் பட்ட உடம்பில் புதுத்தோல் படர அதுதான் பந்தல் என்பாள். காற்றில் ஈரம் ஏறினால் போச்சு. நூலெங்கும் உருண்டை தட்டிவிடும்.

ஈரத்தை அளக்க மீட்டர் இருந்தது. அவள் நம்பியதோ அப்பளத்தை. வீட்டில் பொரித்து வந்து, மேசைமேல் கொஞ்ச நேரம் வைத்துக் கடிப்பாள். நொறுங்கினால் இயந்திரம் ஓடும். நமுத்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். குளித்துவிட்டு வந்த துறைத்தலைவரையே வாசலில் மறித்தாள்.

"தலைய தொவட்டிகினு வா சார்."

"துவட்டிட்டேம்மா."

"எங்க, குனி சார்."

குனிந்தார்.

ஒருநாள் செருப்பில்லாமல் இயந்திரத்துக்கு மிக அருகில் நின்றுவிட்டேன். வெறுங்கால் வழியே மின்சாரத்துக்குத் தரை கிடைத்துவிட, தகட்டுக்குப் போக வேண்டிய நூல் வளைந்து என் மணிக்கட்டில் வந்து படிந்தது.

"நவுரு அண்ணாத்த. நூலு உன்னாண்ட வந்துகினு கீது."

நாற்பதைக் கடந்து தனியாகக் கிடப்பவனிடம் நூலாவது வந்ததே. அண்ணாத்த என்கிறவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

அப்போதுதான் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று சொன்னது: உருண்டை இல்லாத ஒரு தாள் அனுப்பு, வேலை உனக்கு. அன்று முதல் அவள் காய்ந்த காற்றுக்கு ஏங்கினாள். நான் கடலை நம்பினேன். கடல் கைவிடவில்லை. வாரக்கணக்கில் அப்பளம் நமுத்தது. அவள் ஜன்னலைப் பார்த்துத் திட்டினாள். அதே ஜன்னலைப் பார்த்து நான் நன்றி சொன்னேன்.

கோடை தொடங்கும்போது ஒரு காலை, செங்கல்பட்டுப் பக்கமிருந்து தரைக்காற்று வீசியது. அப்பளம் நொறுங்கிய சத்தம் இரண்டு அறை தள்ளியிருந்த எனக்குக் கேட்டது.

மாலையில் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒரு உருண்டகூட இல்ல. பாத்தியா? நீ இன்னாத்துக்கு பேஜாரா கீற?"

"கடல் காத்து வரும்னு நெனச்சேன்."

"அது வராததுக்கா பேஜாரு?"

மீதமிருந்த அப்பளத்தை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். அடுத்த மாதம் விமானம் ஏறினாள்.

அந்த ஊரில் காற்று எப்போதும் காய்ந்தே இருக்கிறதாம். நூல் கெடுவதே இல்லையாம்.

"போரடிக்குது அண்ணாத்த. திட்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் போனில்.

அவள் குரலில் துளி மகிழ்ச்சி இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்தது.