பித்தளையில் ஏறிய அக்காவின் தவிடு

தகாவோகா,
நவம்பர் 19

மதிப்பிற்குரிய ஃபுசாயே அக்காவுக்கு, தம்பி தெட்சுஜி தலை தாழ்த்தி எழுதுவது. தாதேயாமா மலையில் பனி விழுந்துவிட்டது; நானும் வீட்டுக்காரி யசுகோவும் நலம். நீ துணைக்குப் போயிருக்கிற சப்போரோவில் பிள்ளை பெற்ற உன் மகளும் பேத்தியும் சுகமென்று அத்தான் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன் அக்கா. வார்ப்படச் சங்கத்தின் மேசைச் சாமான் போட்டியில் என் பேப்பர் வெயிட்டுக்கும் பேனாத் தட்டுக்கும் முதல் பரிசு. மூன்று வருடமாகப் பரிசைத் தன் வீட்டுச் சொத்து போல எடுத்துப் போன ஹிரோசேவுக்கு இரண்டாவது. போன வருடம் என் தட்டைப் பார்த்து, "இது நிறமா, இல்ல யாராவது டீயக் கொட்டிட்டாங்களா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டவன் அவன். இந்த முறையும் தோற்றால் பட்டறையை மூடிவிடுவதென்று யசுகோவிடம் சொல்லியிருந்தேன்.

எப்படி ஜெயித்தாய் என்று கேட்பாய். கேட்காமல் இருந்தால் எனக்கு நல்லது.

பித்தளைக்கு நிறமேற்ற நாங்கள் தவிட்டில் உப்பும் மருந்தும் குழைத்து அப்பித் தீயில் வாட்டுவது உனக்குத் தெரியும். தவிடு பிடித்த கை, தினமும் கிளறிவிடுவான் என்றுதானே அத்தானை நம்பாமல், காய்களைப் புதைத்து ஊறவைக்கிற உன் ஊறுகாய்த் தவிட்டுப் பானையை என்னிடம் விட்டுப் போனாய். கிளறாவிட்டால் கெட்டுவிடுமே என்று நானும் சத்தியமாகத் தினமும் கிளறினேன். அடுப்புச் சூட்டில் புளித்துவிடுமே என்று யசுகோ அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து வைத்தாள். என் தவிட்டுப் பானைக்கும் அதே நிறம், அதே மூடி. போட்டிக்கு இரண்டே நாள். மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். மருந்தைக் கொட்டிக் குழைத்தேன், அப்பினேன், வாட்டினேன். பட்டறை முழுக்க ஊறுகாய் வாசனை. நமக்குத்தான் பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர சந்தேகமே வரவில்லை. மூன்றாவது தடவை அள்ளியபோது கையோடு ஒரு வெள்ளரிக்காய் வந்தது.

உன் மாமியார் கொடுத்து, நாற்பத்தேழு வருடம் நீ காத்த தவிடு. மருந்து கலந்ததை இனி யார் வாயில் வைப்பது? அழுதேவிட்டேன். ஆனால் வெயிட்டைத் துடைத்துப் பார்த்தால், என்ன நிறம் அக்கா. மேப்பிள் இலை உதிர்வதற்கு முதல் நாள் காட்டுகிற சிவப்பு. முப்பது வருடத்தில் என் கையில் அப்படி ஒன்று வந்ததில்லை.

நடுவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதப் பாத்தா எனக்கு ஏன்யா சோறு சாப்பிடணும்னு தோணுது?" என்றார். அப்புறம் ஹிரோசே என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"என்னத்தப் போட்ட? சொல்லுய்யா."

"நாப்பத்தேழு வருசச் சரக்கு. எங்க அக்கா கைப்பக்குவம்."

பரிசை அறிவித்ததும் முதல் வரிசையில் அத்தான் எழுந்து நின்று கை தட்டினார். பானை போனாலும் உன் பெயர் நின்றுவிட்டது. புதுத் தவிடு வாங்கி, அது ஊறிப் பதப்பட முட்டைக்கோஸ் இலை போட்டுத் தினமும் கிளறி வருகிறேன். இன்னும் நாற்பத்தேழு வருடத்தில் பழைய ருசி வந்துவிடும்.

பேத்திக்கு என் முத்தம், மகளுக்கு ஆசி, உனக்கு நெற்றி பாயில் படும்படி ஒரு வணக்கம்.

உன் தம்பி,
தெட்சுஜி

பின்குறிப்பு: பரிசுச் சாமான்களை ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று அத்தான் வாங்கிப் போயிருந்தார். இப்போதுதான் திருப்பித் தந்தார். "நாளைக்குப் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வர்றான். கறையோடவா குடுக்கிறது? பூரா நாளும் ஒக்காந்து தேச்சேன் தெட்சுஜி." இரண்டிலும் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், நிறம் ஒரு பொட்டு மிச்சமில்லை. விஷயம் புரிந்ததும், "ஒங்க அக்காவுக்கு மட்டும் எழுதிடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் இதை நான் எழுதவில்லை, நீ படிக்கவுமில்லை. ஊருக்கு வந்ததும் முதலில் அவரைத் திட்டி முடி. களைப்பு தீர்ந்த பிறகு பானையைப் பற்றிப் பேசலாம்.