அடுப்படியிலிருந்து கிளம்பிய விண்கப்பல்

அலமாரிக்காரர் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார்.

"நம்ம கிச்சன் அலமாரிக்குக் கதவு போட்டு முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர்ல அந்த விண்கப்பல் விளையாட்டை இந்தக் கையால தொடமாட்டேன்!"

அடித்த வேகத்தில் மேஜைக் கால் ஒன்று கழன்றது. அதுவும் அவர் ரொம்ப நாளாகச் சரிசெய்வதாகச் சொல்லிவந்த கால்தான்.

ஊரில் பாதி வீடுகளுக்குச் சமையலறை அலமாரி வரைந்து கொடுத்தவர் அவர். அங்கெல்லாம் விரல் பட்டாலே டிராயர் வழுக்கிக்கொண்டு வரும். அவர் வீட்டில் அடுப்புப் பக்கத்து டிராயரைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்த வேண்டும், பிறகு முழங்காலால் ஒரு இடி, பிறகு மனைவியிடமிருந்து ஒரு வசவு. வசவு டிராயருக்கா வரைந்தவருக்கா என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. மேல்தட்டுகளுக்குக் கதவே கிடையாது. கல்யாணமான புதிதில் "சும்மா தற்காலிகமா" என்று ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டார். பதினோரு வருடமாக அது தற்காலிகமாகவே தொங்குகிறது.

சத்தியம் கொஞ்ச நாள் உயிரோடு இருந்தது. பிறகு மைத்துனன் போன் செய்தான். அவரை அந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்ட புண்ணியவான் அவன்தான்.

"மச்சான், போட்டி அறிவிச்சிருக்காங்க. நாலு பேர் வருஷக்கணக்கா குடியிருக்கிற மாதிரி ஒரு விண்கப்பல் வரையணும். ஜெயிச்ச கப்பலை விளையாட்டுக்குள்ளயே கட்டிடுவாங்க. நம்ம கூட்டம் மொத்தமும் அதுலதான் பறக்கும்!"

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்டா."

"விளையாட மாட்டேன்னுதானே பண்ணீங்க? வரைய மாட்டேன்னு பண்ணலையே?"

இப்படி ஒரு மைத்துனன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அலமாரிக்காரர் நெகிழ்ந்துபோனார். "உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"என் வாயிலிருந்து வருமா மச்சான்?"

மறுநாளே பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு உப்பு டப்பாவுக்கு இடம் ஒதுக்கிய கை, முதன்முறையாக நட்சத்திரங்களை நோக்கிக் கோடு இழுத்தது. இதில் ஜெயிக்காவிட்டால் தான் வெறும் அலமாரிதான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து மனைவி தன் தையல் கடையிலிருந்து திரும்பி வந்து பின்னால் நின்றாள்.

"என்னங்க வரையிறீங்க?"

"நம்ம கிச்சன்!" என்றது வாய். மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அவள் கண் விரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நெஜமாவா? கிச்சனுக்கு ஏன் மூக்கு கூரா இருக்கு?"

"அது பால்கனிப் பக்கம்."

"நமக்கு பால்கனியே இல்லையே."

"போட்டா போச்சு."

"பின்பக்கம் இந்த நாலு வட்டம்?"

"பர்னர்."

"அடுப்பு ஏன் வீட்டுக்கு வெளிய இருக்கு?"

"புகை வெளிய போகணும்ல?"

"ஓ." அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள். அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று!

ஆனால் அவள் எழுந்து போகவில்லை. பள்ளிச் சீருடை தைப்பவள். மிஞ்சின துண்டுத் துணியிலும் ஒரு பாக்கெட் எடுத்துவிடுவாள். இடம் வீணாவதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. நகத்தால் இரண்டு இடத்தைத் தொட்டாள்.

"இந்தக் கதவும் இந்தக் கதவும் ஒண்ணா திறந்தா முட்டிக்கும். நம்ம டிராயரும் ஃப்ரிட்ஜும் மாதிரி."

பார்த்தார். ஆமாம். கப்பலோட்டி அறைக் கதவும் சாமான் கிடங்குக் கதவும் நெற்றியோடு நெற்றி முட்டின. வீட்டில் செய்த பிழையை விண்வெளி வரைக்கும் கொண்டு போயிருக்கிறார்.

"நடுவுல ரெண்டு பேர் முதுகுக்கு முதுகு நின்னு வேலை பார்க்க இடம் வேணும். ஈரத்துணி எங்க காயும்? ராத்திரி தண்ணிக்கு எழுந்தா எதுலயும் இடிச்சுக்காம போகணும். ஆமா, பின்னால இந்தப் பெரிய ரூம் எதுக்கு?"

அது ஆபத்து வந்தால் நாலு பேரும் ஏறித் தப்பிக்கும் அறை. போட்டிக்கு வரும் எல்லாக் கப்பலிலும் இருக்கும். "அது... துடைப்பம் வைக்க."

"துடைப்பத்துக்கு நாலு பேர் உக்கார்ற ரூமா? ஒரு சாண் போதும். எடுத்துடுங்க."

அவள் கண்ணெதிரே அழித்தார். ஒரு சாண் அகலத்தில் துடைப்பம் ஒன்றை வரைந்தும் காட்டினார்.

இப்படித் தினமும் சாயங்காலம் அவள் திருத்தம் சொல்ல, இவர் திருத்த, கப்பல் வளர்ந்தது. வளர வளர அவருக்கே புரிந்தது: இது முன்னைவிட எவ்வளவோ மேல். தன் அலமாரிகளை இத்தனை வருடமாக வெளியில் நின்றே வரைந்திருக்கிறோம், உள்ளே நிற்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம்.

இறுதிச் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "கஸ்டமரோட ஆன்லைன்ல பேச்சு" என்று சொல்லி, ஹெட்போனோடு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் கிச்சன்லதான் இருப்பேன். நிதானமா பேசுங்க" என்றாள் அவள்.

நாலாயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவர் அவர் கப்பலைத் திறந்து காட்டினார். "இதுவரைக்கும் வந்த கப்பலெல்லாம் சண்டை போடத்தான் லாயக்கு. இதுலதான் மனுஷங்க குடியிருக்க முடியும். ஒரு கதவு இன்னொரு கதவை முட்டல. ஈரத்துணிக்குக்கூட இடம் இருக்கு! அதைவிட, தப்பிக்கிற அறையே வைக்காத முதல் கப்பல் இது. கப்பலை விட்டு ஓடமாட்டேன்னு சொல்ற கேப்டன்! எப்படி வந்தது இந்த யோசனை?"

அலமாரிக்காரர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். ஏமாற்றப்படுகிறோம் என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி இத்தனையும் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். இதைத் தன் மூளை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"இதுல என்னுது பென்சில் மட்டும்தாங்க. யோசனை எல்லாம் என் மனைவியோடது. அவளுக்கு நான் என்னைக்கும் நன்றி சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

நாலாயிரம் பேரும் கைதட்டல் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். அதற்குள் 'கரண்டி' என்ற புனைபெயரில் ஒருவர் எழுத்தில் ஒரு கேள்வி போட்டார்: "கேப்டன், இது பேப்பர்ல மட்டும்தானா, இல்ல எங்கயாவது நெஜமாவே கட்டியிருக்கீங்களா?"

நன்றி பொங்கிக்கொண்டிருந்த நேரம். வாய் எட்டு முழம் நீண்டது.

"நெஜமாவேதான்! எங்க வீட்டுக் கிச்சனே இதுதான். அதுக்குள்ள என் மனைவி மகாராணி மாதிரி நிக்கிறா!"

கரண்டி விடவில்லை. "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்கிற மாதிரி போன்ல நேரடியா காட்டுவீங்களா?"

"தாராளமா!"

முதல் பரிசு அவருக்கே. நடுவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியையும் அங்கேயே அறிவித்துவிட்டார். அப்போதுதான் அலமாரிக்காரருக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

தள்ளாடி அடுப்படிக்குப் போனார். மனைவி ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தாள். கழுத்தில் இயர்போன். கையில் போன். கண் கலங்கியிருந்தது. போன் திரையில் அவர் கப்பல். அதன் கீழே பெயர்: கரண்டி.

"நீயா?"

"தம்பி சொன்னான்."

"வாயே திறக்க மாட்டேன்னானே!"

"ஆமா, திறக்கல. மெசேஜ்ல சொன்னான்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க அடுப்பைத் தூக்கி வீட்டுக்கு வெளிய வெச்சீங்களே, அன்னைக்கே."

"அப்புறம் ஏன்டி இத்தனை நாள் உக்காந்து திருத்தினே?"

"கப்பல் நல்லா இருந்துச்சு. நீங்களும் சந்தோஷமா வரைஞ்சீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலாயிரம் பேர் முன்னால என்னைச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றிங்க. நெஜமாவே. அதை நான் எதிர்பார்க்கல."

அவருக்கும் கண் நிறைந்தது. அந்த ஈரத்தோடு ஈரமாக நைசாகக் கேட்டார். "அப்ப அந்த ஞாயித்துக்கிழமை விஷயத்தை... நீயே எழுதி, வேண்டாம்னு விட்டுடலாமே?"

"அது எப்படிங்க? பதினோரு வருஷமா நான் ஒருத்தி கேட்டேன். இப்ப நாலாயிரம் பேர் கேக்கறாங்க." முழங்காலால் டிராயரை இடித்துத் திறந்து, அளவு டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். "காலையில பிளைவுட் வருது. தம்பி ஏத்திட்டு வரான்."

அலமாரிக்காரர் வரைபடத்தை விரித்துத் தப்பிக்க வழி தேடினார். தப்பிக்கும் அறை இருந்த இடத்தில், அவர் கையாலேயே வரைந்த துடைப்பம்தான் இருந்தது.