‘ரிஜெக்ட்’ சொன்ன மாப்பிள்ளை

சம்பளத்துக்குச் செய்கிற வேலையைச் சொந்தக்காரர்கள் நடுவில் காட்டக் கூடாது. பல் டாக்டர் ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்தால் அந்தச் சம்பந்தம் உருப்படாது. என் வேலை அதைவிட ஆபத்தானது. கர்ப்பிணிகளின் டாப்ளர் ஸ்கேன் படங்களைப் பார்த்து, படம் தேறுமா தேறாதா என்று சொல்வது.

(நான் டாக்டரா என்று கேட்காதீர்கள். பி.காம்., அதையும் தட்டுத்தடுமாறித்தான் முடித்தேன்.)

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஸ்கேன் படங்களைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்கு முன் அது ஒழுங்காக எடுத்த படமா என்று ஒரு மனிதன் பார்க்க வேண்டும். அந்த மனிதன் நான். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதை டாப்ளர் வரிசையான குன்றுகள் போலத் திரையில் வரைந்து காட்டும். குன்றுகள் ஒரே மாதிரி, திரை நிறைய, தெளிவாக இருந்தால் ‘பாஸ்’. கோணல்மாணலாக இருந்தால் ‘ரிஜெக்ட்’.

“நீங்க மார்க் போடறது படத்துக்கு, குழந்தைக்கு இல்ல. நல்லா இருக்கற குழந்தைக்கும் படம் மோசமா வரலாம்” என்று பயிற்சி கொடுத்த டாக்டர் முதல் நாளே சொன்னார். பலமாகத் தலையாட்டினேன். ஆனாலும் கொஞ்ச நாளில் எனக்குள் ஓர் அரை டாக்டர் வளர்ந்துவிட்டார். சந்தையில் தக்காளியைத் திருப்பிப் பார்த்துக்கூட ‘ரிஜெக்ட்’ என்று முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மனைவி எஸ்தருக்கு எட்டாம் மாதம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா வயிற்றை அளந்து பார்த்து, “பாப்பா கொஞ்சம் சின்னதா இருக்கு. ரத்த ஓட்டம் எப்படின்னு டாப்ளர் பார்த்துடலாம்” என்றார். அன்றிரவு எஸ்தர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வெளியே, “டாப்ளர்தானே? அது நம்ம டிபார்ட்மெண்ட்” என்று மார்தட்டினேன்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். எங்களோடு ஸ்கெலட்டன் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பிலிருந்து மாமியாரும் வந்திருந்தார். எஸ்தர் என் கையை விடாததால் என்னையும் உள்ளே அனுமதித்தார்கள். ஸ்கேன் டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் அதில் கன்னடம் கலந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயிற்றில் ஜெல் தடவி, கருவியை வைத்தார். திரையில் எங்கள் குழந்தையின் ரத்த ஓட்டம் முதன்முதலாகத் தெரிந்தது. ஒரு தகப்பன் அப்போது என்ன செய்ய வேண்டும்? கண்கலங்க வேண்டும். மனைவியின் நெற்றியைத் தடவ வேண்டும். நானோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். குன்றுகள் ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக, பாதி மங்கலாக இருந்தன. வாய் தானாகச் சொன்னது:

“ரிஜெக்ட்.”

எஸ்தர் திரும்பினாள். “இன்னாங்க? இன்னா ரிஜெக்ட்டு?”

“ஒண்ணுமில்ல எஸ்தர், படம்தான்...”

அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகையில் வயிறு குலுங்கியது. குன்றுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறின.

“இதுவும் ரிஜெக்ட்” என்றேன். (சத்தியமாக நான் சொல்லவில்லை. சம்பளம் சொல்ல வைத்தது.)

“ஏன்ரீ, யாரு நீங்க? ஹொரகே போங்க!” என்று டாக்டர் கதவைக் காட்டினார். ஹொரகே என்றால் வெளியே என்று அந்த விரலே மொழிபெயர்த்தது.

வெளியே மாமியார் எழுந்து நின்றார். “இன்னா மாப்ள, அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னா சொன்னாங்கோ?”

பதற்றத்தில் மனிதனுக்கு நீளமான வாக்கியம் வராது. “ரிஜெக்ட் ஆயிடுச்சு அத்தை” என்றேன். ‘படம்’ என்ற ஒரு சொல் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

“ஐயோ ஏசப்பா!” என்று அவர் போட்ட சத்தத்தில் காத்திருந்த பெண்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். நான் விளக்க வாய் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து, சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்குச் சொல்லிவிட்டார். அடுத்து மாமனாருக்கு. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விபத்துச் செய்தி கேட்ட வேகத்தில் ஆட்டோவில் வந்து குதித்தார்.

“குழந்தை எந்த லெவல்ல மாட்டிக்கினு கீது?” என்றார் மூச்சிரைக்க. மனிதருக்கு எல்லா ஆபத்தும் பூமிக்கடியில், ஏதோ ஒரு சுரங்கத் தளத்தில்தான்.

“மாமா, குழந்தைக்கு ஒண்ணுமில்ல. படம்தான்...”

“நீங்க சும்மா இருங்க மாப்ள. தைரியம் சொல்ற நேரமா இது?”

அதற்குள் ஜெபக்குழுவில் நான்கைந்து பேர் வந்து சேர்ந்து, அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டார்கள். “ஆண்டவரே, மனுஷர் ரிஜெக்ட் பண்ணின பிள்ளையை நீர் ஏற்றுக்கொள்ளும்!” என்று ஜெபம் உச்சத்துக்குப் போனது. பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த, யாரென்றே தெரியாத ஒரு தெலுங்கு அம்மாள் என் தோளைத் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து எஸ்தரின் அழுகை இப்போது இன்னும் பலமாகக் கேட்டது.

கதவு படாரென்று திறந்தது.

“யாரு ஹேளித்து ரிஜெக்ட்னு? யாருரீ சொன்னது?”

முழங்காலில் இருந்தவர்கள் கண்ணைத் திறக்காமலே என்னைக் கைகாட்டினார்கள்.

“நீங்க உள்ள வாங்க. அவங்க அழுகையை நிறுத்தற வரைக்கும் எனக்குப் படம் வராது. கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. வாயைத் திறந்தா போலீஸைக் கூப்பிடுவேன்.”

போய் நின்றேன். எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள். அதில் ஏதாவது செய்தி இருக்குமோ என்று தேடுகிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நான் தள்ளிவிட்ட ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இப்படி ஒருத்தி படுத்திருந்திருப்பாள். “படத்தைத்தான் சொன்னேன் எஸ்தர். சத்தியமா படத்தைத்தான்” என்று அவள் காதில் சொன்னேன். அதற்கு மட்டும் டாக்டர் போலீஸைக் கூப்பிடவில்லை.

அழுகை விசும்பலாகி, விசும்பலும் ஓய்ந்தது.

“இப்ப மூச்சைப் பிடிங்கம்மா” என்றார் டாக்டர்.

எஸ்தர் பிடித்தாள். நானும் பிடித்தேன். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மாமியாரும் பிடித்தார். ‘உஷ்... உஷ்... உஷ்...’ என்று சீரான சத்தம். திரையில் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே உயரத்தில், வரிசை கலையாமல் நடந்து வந்தன.

“ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. பாப்பா சின்னது, அவ்வளவுதான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்” என்ற டாக்டர், என் பக்கம் திரும்பினார். “ஏன்ரீ எக்ஸ்பர்ட், இப்ப சொல்லுங்க. இது பாஸா?”

“தெரியல டாக்டர்” என்றேன். “கண்ணீர் மறைக்குது.”

மகள் ரூத் சின்னதாகத்தான் பிறந்தாள். அழுத சத்தத்தில் மட்டும் குறையில்லை. ஞானஸ்நானத்தன்று கோயில் படிக்கட்டில் சொந்தமெல்லாம் வரிசையாக நின்றோம். போட்டோக்காரர் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமல், “இது சரியா வரல, இன்னொண்ணு எடுத்துக்கலாம்” என்றார்.

மாமனார் வரிசையை விட்டு வெளியே வந்து, என்னைக் காட்டி, “எங்க மாப்ளய ஒரு வார்த்தை கேட்டுக்கினு எடுங்க சார்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் போட்டோ எடுத்தாலும், கேமராவை நீட்டியவுடன் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு கல்யாண ஆல்பத்திலும் எங்கள் வீட்டார் ஒருவருக்கும் முழு முகம் கிடையாது. நேராகப் பார்த்து நிற்பது ரூத் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும் காரணத்தை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.